ஏழு என்று சொன்னேன்

1

சென்ற மாதம் இந்தப் பினாங்கு நகரத்துச் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் மூன்று முறை என்னை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். நான் இங்கே நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்பதற்கு ஒரு சீட்டு வாங்க வேண்டியிருந்தது. நான் பிறந்த ஆம்பூர் என்பதற்கு அவர்கள் புத்தகத்தில் வேறு எழுத்து இருக்கிறதென்று முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். சரி என்று அவர்கள் எழுத்துப்படியே பிறந்துகொண்டேன். இரண்டாம் முறை, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் தேதி போடவில்லை என்றார்கள். மூன்றாம் முறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தான். காகிதத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"ஐயா, ஒரு இடத்தை வெறுமையா விட்டிட்டியள். இந்த ஊருக்கு வந்த காரணம் எண்டு கேட்டிருக்கு."

"பொழப்புக்குன்னு போட்டுக்கோங்க தம்பி."

"அப்ப உங்கட ஊரில பிழைப்பு இல்லையோ?"

"இருந்திச்சி."

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். பிழைப்பு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான்.

அந்தக் கேள்விக்கு முப்பத்தோரு வருஷமாக அதே பதிலைச் சொல்லி வருகிறேன். சென்னையில் கப்பல் ஏறும்போது சொன்னேன். இங்கே இறங்கியதும் கண்ணையும் நாக்கையும் பார்த்த டாக்டரிடம் சொன்னேன். ரப்பர் தோட்டத்துத் துரையிடம், என் மனைவியிடம், பிள்ளைகளிடம் எல்லாம் அதையே சொன்னேன். அன்று முத்திரை குத்தின காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இனி ஒரு தரம் அதைச் சொல்ல என்னால் முடியாது என்று தோன்றியது.

ஆம்பூரில் எனக்கு நல்ல வேலை இருந்தது. நான் பொறாமையினால் ஊரைவிட்டு வந்தவன். ஒரு மனிதனுடைய மன அமைதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைக் குலைக்க வேண்டுமென்று ஒரு காரியம் செய்தேன். அந்த மனிதன் இன்னும் உங்கள் நடுவே இருக்கிறான். நீங்கள் அவனை 'ஜாஸ்தி மாசி' என்று கூப்பிடுகிறீர்களாம். அந்தப் பெயர் அவனுக்குச் சேர்ந்ததல்ல. அதைச் சொல்வதற்காகவே நம் ஆம்பூர்ச் சபைப் பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன்.

2

மாசிலாமணி என் தங்கை சுகிர்தத்தின் புருஷன். நானும் அவனும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் மூன்றாம் வகுப்போடு நின்று தோல் கிடங்குக்கு வேலைக்குப் போனான். நான் மெட்ரிகுலேஷன் முடித்து, வேதபாடப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கி, கடைசியில் அதே கிடங்குக்குக் கணக்கெழுதும் ரைட்டராகப் போய்ச் சேர்ந்தேன்.

கிடங்குக்காரர் ஒரு சாயபு, நியாயமான மனிதர். மாசிலாமணி அங்கே சுண்ணாம்புக் குழிகளுக்குப் பொறுப்பாக இருந்தான். உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். ஆனாலும் வெளியூரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சைத் தோல் ஆவாரம்பட்டைத் தொட்டிக்குப் போகுமுன் மயிர் கழலச் சுண்ணாம்புக் குழியில் கிடக்க வேண்டும். நாள் குறைந்தால் மயிர் வராது. நாள் மிஞ்சினாலோ, சுண்ணாம்பு மிஞ்சினாலோ தோல் வெந்துவிடும். பிறகு அது செருப்புக்குக்கூட ஆகாது. எவ்வளவு சுண்ணாம்பு என்பதைக் குழிக்காரன் கையால் அளந்து போடுவான். தராசு கிடையாது. கை அளவு தப்பாதவன் என்ற பெயர்தான் அவனுக்குச் சொத்து.

குழியில் இறங்குகிறவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகையால் ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் ஒரு முளை அடித்து அதில் ஒரு கயிறு கட்டியிருக்கும். தினமும் காலையில் தோல்களை இழுத்துப் புரட்டிப் போட்டதும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். எட்டாவது முடிச்சு விழுகிற அன்று ஆட்டுத்தோல் கரையேறும். நான் காலையில் ஒரு சுற்றுப் போய் முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வேன்.

மாசிலாமணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. குழியில் இறங்குமுன் அதன் விளிம்பில் நின்று, மேஸ்திரியிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்வான்:

"ஆண்டவரே, சின்னவளுக்கு இருமல் நிக்கல. வீட்டுப் பின்சொவரு சாஞ்சிக்கினு நிக்குது. சாயபு நேத்து மூஞ்சத் திருப்பிக்கினாரு, எதுக்குன்னு தெரியல. குடியாத்தத்துலேர்ந்து அண்ணன் லெட்டரே போடல. அவ்ளோதான். நான் எறங்குறேன்."

சொல்லிவிட்டு இறங்கிவிடுவான்.

பக்கத்துக் குழியில் கரீம் பாய் வேலை செய்தார். அவருக்கு இது தினசரி வேடிக்கை.

"மாசி, அப்டியே என் பேஜாரையும் சேத்துச் சொல்லேன். மாமியாக்காரி வந்து ஒரு மாசம் ஆவுது. போற மாதிரி தெரியல."

"அத நீயே சொல்லு பாய். எனக்கே ஏகப்பட்டது கெடக்குது."

சிரிப்பார்கள். பிறகு சாயங்காலம் வரைக்கும் முழங்கால் ஆழச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவன் பாட்டுப் பாடிக்கொண்டே தோலைப் புரட்டுவான். ராகம் சரியாக இருக்காது.

3

நான் சோறு தின்கிறவன் என்று பெயர்தான். பாதிச் சோறு தொண்டையில் நிற்கும். சென்னையிலிருந்து தந்தி வந்தால் அது என்னை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் தந்தி என்று நினைப்பேன். சாயபு நோட்டைப் புரட்டினால் எந்தக் கணக்கு தப்பியதோ என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். குழந்தை தும்மினால் ஊரில் காலரா நுழைந்துவிட்டதென்று எழுந்து உட்காருவேன். இத்தனைக்கும் ஒரு கெடுதியும் வரவில்லை. வராத கெடுதிகளைச் சுமந்தே இருபத்தெட்டு வயதில் எனக்குக் காதோரம் நரைத்தது.

அவனைப் போல நானும் செய்து பார்த்தேன். ஆபீஸ் அறையின் படியில் நின்று, யாரும் இல்லாத நேரத்தில், கவலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நல்ல தமிழில், ஜெபத்துக்குரிய சொற்களில் சொன்னேன். படியிலிருந்து மேஜைக்கு ஏழெட்டு அடி இருக்கும். போய் உட்காருவதற்குள் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஒரு நாள் அவனிடமே கேட்டேன்.

"எப்டி மச்சான் உன்னால முடியுது?"

"இன்னா முடியுது?"

"சொல்லிட்டு உட்டுட்டுப் போறியே."

"எங்க உட்டேன்? சாயங்காலம் ஏறி வந்தா எல்லாம் அங்கியேதான் நிக்குது. ஆனா கையில எதுனா வெச்சிக்கினு குழியில எறங்க முடியாதில்ல மச்சான்? தோலு வழுக்கும், ரெண்டு கையும் வேணும். அதான் அவர் கையில குடுத்துட்டு எறங்குறேன். பாத்துக்குவாரு."

நல்ல மனதுள்ளவன் அந்த இடத்தில் பாடம் கற்றுக்கொண்டிருப்பான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேதபாடத்தில் பரிசு வாங்கினவன் நான். இவனோ பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். கோவிலில் நான் முன் வரிசையில் உட்காருகிறேன். தோல் வாடை அடிக்குமென்று இவன் தானாகவே கடைசியில் உட்காருகிறான். ஆனால் எனக்கு வர வேண்டியது இவனுக்கு வந்திருக்கிறது. விலாசம் மாறிப்போன தபாலைப் போல அதை நினைத்தேன்.

அடுத்த வருஷம் அவனுடைய சின்னவள் அந்த இருமலிலேயே இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்தில் அவன் அழுத அழுகையைப் பார்த்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஓர் ஆறுதல் உண்டானது. இனி இவனும் என்னைப் போல ஆவான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தான். விளிம்பில் நின்றான். "ஆண்டவரே, சின்னவ ஒங்க கிட்ட வந்துக்கிறா. சுகிர்தம் சாப்பிட மாட்டேங்கறா. எனக்கும் நெஞ்சு வலிக்குது. அவ்ளோதான்" என்று சொன்னான். இறங்கினான். அன்று பாட்டு இல்லை. ஆனால் இறங்கினான்.

அன்றுதான் அவனை வெறுத்தேன்.

4

அந்தச் சித்திரையில் குடியாத்தத்தில் அவன் அண்ணன் செத்துப்போனார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாசிலாமணி வேலைக்கு வரவில்லை. அவனுடைய மூன்றாம் குழியில் அந்த வாரம் புதுச் சுண்ணாம்பு போட்டு ஆட்டுத்தோல் கிடந்தது. சனிக்கிழமை எட்டாம் நாள். இரண்டு நாளும் கரீம் பாய் தோலைப் புரட்டி முடிச்சுப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் நான் ஏழு முடிச்சு எண்ணி, ஏழு என்று எழுதினேன்.

மத்தியானம் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். கிடங்கில் நானும் வெயிலும்தான். மூன்றாம் குழியின் முளை அருகே போய் நின்றேன். கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, அது உண்மை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் திகைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் கூடினால் தோல் தாங்கும். என்ன கணக்கு தப்பியது என்று அவன் தவிப்பான். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும். இதுதான் என் யோசனை. ஈரத்தில் இறுகிய முடிச்சு கைக்கு வரவில்லை. பேனாக்கத்தியின் முனையால் நெம்பி அவிழ்த்தேன். பிறகு அறைக்கு வந்து, நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்துவிட்டு, வேறு பக்கத்தில் ஆறு என்று எழுதி வைத்தேன். நகத்தில் ஏறிய சுண்ணாம்பு இரண்டு நாள் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் மாசிலாமணி வந்தான். முகம் வற்றியிருந்தது. விளிம்பில் நின்று அண்ணன் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னான். தோலைப் புரட்டினான், முடிச்சுப் போட்டான். பிறகு கட்டை விரலால் ஒரு தோலை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு சொட்டச் சொட்ட என் அறை வாசலுக்கு வந்தான்.

"மச்சான், தோலு பழுத்துட்ட மாதிரி இருக்குது. கயிறுல ஏழுதான் இருக்குது. உன் நோட்டுல எத்தன நாளு?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் இல்லாமல் குழி கரையேறாது. அவனோ ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டான். ஒரு நாள் என்று நான் நினைத்தது இரண்டு நாளாகும். கோவிலில் முன் வரிசையில் உட்காருகிற நான் ஞாயிற்றுக்கிழமையை எண்ணாமல் விட்டிருந்தேன்.

எட்டு என்று சொல்லியிருக்கலாம். கரீம் பாய் ஒரு முடிச்சை மறந்திருப்பார் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் முதன்முறையாக ஒரு கலக்கம் இருந்தது. நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான்.

"ஏழு" என்று சொன்னேன்.

"நீ சொன்னா சரி. புதுச் சுண்ணாம்பு, அதான் கொஞ்சம் முந்திக்கினு நிக்குது போல. திங்கக்கெழம காத்தால மொதல் வேலையா ஏத்திடறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் திரும்பித் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவன் ராகம் தப்பிப் பாடிக்கொண்டிருந்தான். மத்தியானம் வரை எனக்கு நேரம் இருந்தது. சாயங்காலம் வரைக்கும்கூட இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

5

திங்கட்கிழமை தோலைத் தூக்கினபோது அது கையோடு பிய்ந்து வந்தது. சாயபு வந்து பார்த்தார்.

"இன்னா மாசி இது? எத்தினி நாளு உட்ட?"

"ஒம்பது சாயபு. நேத்து ஞாயித்துக்கெழம. ஒரு நாளுதான் ஜாஸ்தி."

சாயபு கயிற்றை எண்ணினார், ஞாயிற்றுக்கிழமை கரீம் பாய் புரட்டிப் போட்ட முடிச்சோடு ஒன்பது இருந்தது. என் நோட்டைக் கேட்டார். அதிலும் அப்படியே இருந்தது.

"ஒம்பது நாளுக்குத் தோலு இப்டி வேவாது. அப்போ சுண்ணாம்புதான் ஜாஸ்தி போட்டுக்கிற."

"என் கை அளவு தப்பாது சாயபு" என்றான் மாசிலாமணி. சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "தப்பி இருக்கும்" என்றான்.

சாயபு கத்தவில்லை. "அண்ணன் செத்த துக்கம், மனசு எங்கியோ இருந்திருக்கும். ஆனா குழிய இனிமே உன் கையில உட முடியாதுப்பா" என்றார். ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு ஆம்பூர் முழுவதும் பரவியது. எந்தக் கிடங்கிலும் அவனைக் குழிக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஆவாரம்பட்டை வெட்டக் காட்டுக்குப் போகத் தொடங்கினான். என் தங்கையும் கூடப் போனாள்.

6

இனி எழுதப் போவதுதான் எல்லாவற்றிலும் எழுதக் கடினமானது.

நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நற்கருணை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை உபதேசியாரிடம் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று அவர் கேட்பார். உண்டு என்றால், போய்ச் சரிசெய்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். அந்த மாதம் பேர் கொடுக்கிற சனிக்கிழமை சாயங்காலம் மாசிலாமணி என் வீட்டுக்கு வந்தான். குளித்து, தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். கைகளில் பட்டை வெட்டின காயம்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மச்சான், உங்கிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன்."

"எதுக்கு?"

"நோட்டுல நீ எதுனா மாத்திச் சொல்லிட்டியோன்னு எனக்கு ஒரு நெனப்பு வந்திடிச்சி. பதினஞ்சு நாளா மனசுல அதே ஓடுது. காத்தால ஆண்டவர் கிட்ட சொல்லிப் பாத்தேன், போவல. கூடப் பொறந்தவ புருசன் பொழப்ப எவனாவது கெடுப்பானா? எம் புத்திதான் கெட்டுப்போச்சி. இத வெச்சிக்கினு பேர் குடுக்க முடியாது. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. என் மனைவி எஸ்தர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல மச்சான். நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல. மன்னிச்சிட்டேன்" என்றேன்.

ஆம், நான் அவனை மன்னித்தேன். எஸ்தர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு, முகம் தெளிந்து, உபதேசியார் வீட்டுப் பக்கம் நடந்து போனான். வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தேன். அப்போது எனக்குள் எழுந்தது பச்சாத்தாபம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதுவும் பொறாமைதான். வேலையைப் பிடுங்கினேன்; பெயரைக் கெடுத்தேன்; அவனோ இலேசாக நடந்து போகிறான். பாரம் என் வீட்டிலேயே இருக்கிறது.

நான் அன்று பேர் கொடுக்கப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. மூன்றாம் மாதம் உபதேசியார் வீட்டுக்கே வந்து விசாரித்தார். நாலாம் மாதம் நான் கப்பலில் இருந்தேன். ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்களில் மாசிலாமணியும் இருந்தான். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கடல் பயணம், பயப்படாதே மச்சான், உன் பேரும் காத்தால சேத்துக்கினேன்" என்றான்.

7

இங்கே வந்து முதலில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். பிறகு இந்தத் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதினேன். மறு வருஷம் எஸ்தர் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். வாழ்க்கையில் எனக்குக் குறை வைக்கவில்லை. என் கவலைகள் மட்டும் என்னோடு கப்பலேறி வந்து, இங்கே நன்றாகச் செழித்தன.

இங்குள்ள தமிழ்ச் சபையில் பேர் கொடுக்கிற வழக்கம் இல்லை. மணி அடித்தால் போகலாம், முழங்கால் போடலாம், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்திலும் என்னால் எழுந்து போக முடியவில்லை. முப்பத்தோரு வருஷமாக நற்கருணை நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வயிற்றுவலி என்று சொன்னேன். பிறகு முழங்கால் வலி என்றேன். முன்னே போகிறவர்களின் முதுகுகளைப் பார்ப்பதுதான் என் ஆராதனை. அதோ அவன் குடிகாரன், போகிறான். அதோ அவள் அண்டை வீட்டாரோடு தினம் சண்டை போடுகிறவள், போகிறாள். ஒவ்வொருவரையும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

எஸ்தர் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டாள். கடைசி வாரத்தில், "எனக்கு ஒண்ணும் பயமா இல்லிங்க. நீங்கதான் இன்னாத்துக்கோ பயந்துக்கினே இருக்கீங்க. இன்னான்னு கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள். அப்போதும் சொல்லவில்லை. அவள் தூங்குவதுபோலப் போனாள். கட்டிலருகே உட்கார்ந்து என் மனைவியின் சாவைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

மகன் ஈப்போவில் ரயில்வேயில் இருக்கிறான். எனக்கு ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுகிறான். பேத்தி ரூத் பள்ளிக்கூடத்துக்காக என்னோடு இருக்கிறாள். "தாத்தா, மாக்கான் ஆச்சா?" என்று மலாயும் தமிழுமாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். நல்ல பெண். தமிழ் எழுத்துத் தெரியாது. ஒருவேளை அதுவும் எனக்குச் சௌகரியமாகவே இருந்திருக்கிறது. என் பெட்டியில் என்ன கடிதம் இருந்தாலும் இந்த வீட்டில் படிக்க ஆள் இல்லை.

8

ஆபீஸில் முத்திரை வாங்கின அன்றே மாசிலாமணிக்கு ஒரு கடிதம் போட்டேன். பெரிய துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தும் தெரியாமலும் உனக்கு நான் செய்திருக்கக்கூடிய பிழைகளை மன்னிக்க வேண்டும் என்று, கல்யாணப் பத்திரிகையில் எழுதுவதுபோல எழுதினேன். முடிச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நேற்று முன்தினம் பதில் வந்தது. அவன் சொல்லச் சொல்ல, அவனுடைய பேத்தி குண்டு குண்டான தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே ஒரு குத்தல்: அவன் பேத்திக்குத் தமிழ் எழுத வருகிறது. அவன் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

"மச்சானுக்கு மாசிலாமணி. உன் லெட்டர் வந்திச்சி. தெரிஞ்சும் தெரியாமயும்னு எழுதிக்கிற. அது எல்லாருக்கும் உண்டு, உட்டுத் தள்ளு. எனக்குக் காலு வரல, காட்டுக்குப் போறதில்ல. ஆனா காத்தால வாசப்படியில நின்னு ஆண்டவர் கிட்ட சொல்றது நிக்கல. எல்லாத்தையும் குடுத்துடறேன் மச்சான். ஒண்ணே ஒண்ணு மட்டும் குடுக்க வரல. அன்னிக்கு என் கையால சுண்ணாம்பு ஜாஸ்தி போச்சா இல்லியா? தப்புன்னா, நான்தான் செஞ்சேன்னு சொல்லிக் குடுத்துடுவேன். இல்லன்னா, இல்லன்னு சொல்லிக் குடுத்துடுவேன். எதுன்னே தெரியாம எப்டிக் குடுக்கறது? அந்தச் சனிக்கெழம உன் நோட்டுல எத்தன நாளு இருந்திச்சின்னு ஞாபகம் இருந்தா எழுது. இல்லன்னாலும் பரவால்ல. உன்ன சந்தேகப்பட்டுக் கேக்கல. அதுக்குத்தான் அப்பவே உங்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டேன்."

அடியில் என் தங்கை ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். "அண்ணா, இன்னும் இவரை ஊர்ல ஜாஸ்தி மாசின்னுதான் கூப்பிடறாங்க. இவரும் சிரிச்சிக்கினே திரும்பிப் பாக்கறாரு. எனக்குத்தான் ஆறல."

முப்பத்தோரு வருஷமாக அவனுக்குக் குறையில்லாத அமைதி இருக்கிறது, எனக்கு இல்லை என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். இல்லை. நான் எடுக்க ஆசைப்பட்டதில் ஒரு துண்டை அன்றே எடுத்துவிட்டேன். அது இத்தனை காலமும் என்னிடம்தான் இருந்திருக்கிறது. எனக்கு அது ஒரு நாள்கூட உபயோகப்படவில்லை. அவனோ அந்தக் குறையோடும், தினமும் மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான். இதை அறிந்தபோது நான் அழுதேன். ரூத் ஓடிவந்து, யார் இறந்தார்கள் என்று கேட்டாள்.

நேற்றுச் சனிக்கிழமை. இங்குள்ள போதகர் வீட்டுக்குப் போனேன். சின்ன வயது, தஞ்சாவூர்ப் பக்கம். நற்கருணைக்குப் பேர் கொடுக்க வந்தேன் என்றேன். இங்கே அந்த வழக்கமில்லையே என்று விழித்தார். "யார்மேலாவது மனத்தாங்கல் உண்டான்னு கேளுங்க ஐயா" என்றேன். தயங்கிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, அவர் அறியாமலே, நம் பழைய உபதேசியார் சொல்வதையே சொன்னார்: "அவர் உங்களைக் கேள்வி கேட்டிருக்கிறாரே ஐயா. முதல்ல அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க. உங்க இடத்த யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

இன்று காலை எழுந்ததும், ரொட்டிக் கடைக்குப் போகத் தெருவில் இறங்குமுன், வாசற்படியில் நின்றேன். நல்ல தமிழ் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு முடிச்சை நான் அவிழ்த்தேன்" என்றேன். அதற்குப் பிறகு மற்றவையெல்லாம் சின்னச் சின்னதாக வரிசையில் வந்தன: ரூத்தின் பரீட்சை, மகனுடைய கோபம், என் கண்புரை. அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ரொட்டிக் கடை வரைக்கும் கை வெறுமையாக இருந்தது. திரும்பி வரும்போது சில கவலைகள் வந்து சேர்ந்துகொண்டன. நாளைக்கும் நிற்பேன்.

கடிதத்தில் அவனுக்கு மட்டும் எழுதினால் அவன் அதை மடித்து வைத்துவிட்டு என்னைக் காப்பாற்றுவான். அதனால்தான் உங்கள் எல்லார் முன்னிலையிலும் எழுதுகிறேன். இதைக் கோவில் வாசலில் யாராவது அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

மச்சான், அன்று நான் உனக்குக் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அது உன்னிடமிருந்து எனக்கு வர வேண்டியது. நீ தராவிட்டாலும் உன் கேள்விக்குப் பதில் இதுதான்: நோட்டில் இருந்திருக்க வேண்டியது எட்டு. உன் கை தப்பவில்லை.

ஞானமணி